மாஸ்டர் பத்தியம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நானும் மகளும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வீட்டில் அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், நான் பேசுவதைத் தெருவே கேட்கும். அதனால்தான் பழையபடி கடிதம்.

எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. சாப்பிட்ட பிறகு எடுத்தது முன்னூற்றைத் தாண்டிவிட்டதாம். "ரொம்ப நாளாவே இருந்திருக்கும்மா, நீங்கதான் கவனிக்கல" என்றார் டாக்டர். எதைக் கவனிப்பது? தாகம் எடுத்தது. துணி பறக்கும் என்று கட்டிங் ஹாலில் மின்விசிறியே போட மாட்டார்கள், அந்தப் புழுக்கத்துக்குத் தாகம் எடுக்கிறது என்று நினைத்தேன். கால் மரத்தது. நாளெல்லாம் மேசை முன்னால் நிற்கிறவளுக்குக் கால் மரக்காமல் பூவா பூக்கும்?

காலையும் இரவும் மாத்திரை கொடுத்திருக்கிறார். அது வயிற்றைக் கலக்கி எடுக்கிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மெஷினைக் கையில் பிடித்து, வளைவில் திருப்பும் நேரம் பார்த்து ஓட வேண்டியிருக்கிறது. கழிப்பறையோ முற்றத்தின் அந்தக் கோடியில். "என்னக்கா, இன்னைக்கும் ஓட்டப் பந்தயமா?" என்கிறான் சூப்பர்வைசர். மேசையில் இருக்கிற பெண்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.

போன மாதம் உனக்கும் சர்க்கரை என்று அண்ணி போனில் ஆரம்பித்தாள். நீ போனைப் பிடுங்கி வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நீ என்ன செய்கிறாய் என்று எழுது அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது. மகள் படிப்பை முடிக்கிறவரை நான் அந்த மேசை முன்னால் நின்றாக வேண்டும். கால் போய்விட்டால் எல்லாமே போய்விடும்.

உன் பதிலைப் பார்த்தாலே பாதி குணமாகிவிடும்.

உன் வாலு

ஜனவரி 17

அன்புத் தங்கை வாலுக்கு,

நாங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம். மருமகளை நன்றாகப் படிக்கச் சொல். நீ அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. முதலில் கண்ணைத் துடை.

ஆமாம், எனக்கும் வந்தது. இத்தனை வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை மைதானத்தில் விரட்டியவனுக்குச் சர்க்கரை. ஆசிரியர்கள் அறையில் தெரிந்தால் டீயோடு சேர்த்து என்னையும் குடித்துவிடுவார்கள். டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். "அதை உள்ளே வைங்க சார்" என்றேன். ஒரு மருந்தும் இல்லை வாலு. நாக்கைக் கட்டினேன், காலை அவிழ்த்து விட்டேன். அவ்வளவுதான்.

விடிந்ததும் பூங்காவில் வேகநடை. டீயில் சர்க்கரை கிடையாது. சோறு பாதி, இருட்டிய பிறகு அதுவும் இல்லை. அவித்த முட்டை, வெள்ளரிக்காய், கீரை. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்களே, ஆடு மாதிரி மென்று தின்கிறேன். இப்போது வெறும் வயிற்றில் நூறுக்குள் நிற்கிறது.

இதையெல்லாம் அண்ணியிடம் பேசாதே. அவள் டாக்டர் சொன்னால் சுவரில் முட்டிக்கொள்ளக்கூடத் தயார். நமக்குள் இருக்கட்டும்.

பயத்தை விடு. உன் அண்ணன் போன வழிதானே, கண்ணை மூடிக்கொண்டு வா.

அன்புடன் அண்ணன்

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே பனி குறைந்ததா? மார்புக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு நட. நான் முன்னைக்குத் தேவலை.

நீ சொன்னபடி எல்லாம் செய்கிறேன். டீ இப்போது டீ மாதிரியே இல்லை, சாயத் தண்ணீர். மகள் என் தட்டைப் பார்த்து, "என்னம்மா, தோட்டத்தையே அள்ளிட்டு வந்துட்டியா?" என்கிறாள். எண் இறங்கியிருக்கிறது அண்ணா. டாக்டரே மெச்சினார்.

ஆனால் மாத்திரை என்னை விடமாட்டேன் என்கிறது. போன வாரம் அவசரத்தில் ஓடியதில் ஒரு விரிப்பு முழுவதும் கோணலாக வெட்டுப்பட்டுவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, மேசை வேலை முடியாவிட்டால் சொல்லிவிடு என்றார். குனிந்த தலையோடு நின்றேன்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். பத்தியத்தால்தான் உனக்கு அடங்கியது என்றால் எனக்கும் அடங்கும்தானே? நம் இருவருக்கும் ஒரே ரத்தம். மாத்திரையை விட்டுவிடட்டுமா? டாக்டரைக் கேட்டால் வேண்டாம் என்பார். உனக்கு நூறுக்குள் நிற்பது அவருக்குத் தெரியாது. நீ சரி என்றால் விட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் வயிறு எக்கேடு கெட்டாலும் விழுங்குவேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வாலு

மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

உடனே எழுத முடியவில்லை. பள்ளியில் விளையாட்டு விழா. சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து பரிசுக் கோப்பை துடைப்பதுவரை எல்லாம் என் தலையில். இடுப்பு விட்டுப்போயிற்று. மற்றபடி சுகம்.

பூங்காவில் இப்போது நான் தனியாக நடப்பதில்லை. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், இன்னும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சர்க்கரை. நான் சொல்லும் சாப்பாட்டு முறைக்கு "மாஸ்டர் பத்தியம்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மாத்திரைப் பட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். நான் என்ன செய்ய?

நீ கேட்டாய். உன் உடம்பு உனக்குத் தெரியும். எல்லோருக்கும் என் அளவுக்கு மன உறுதி இருக்கும் என்று சொல்ல முடியாது. முடியாவிட்டால் மாத்திரை சாப்பிடு, அதில் கேவலம் ஒன்றுமில்லை.

மருமகளுக்கு என் ஆசி.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

நலமா? இடுப்பு வலி போயிற்றா? வெந்நீர் ஒத்தடம் கொடு.

எனக்கா மன உறுதி இல்லை? தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி வைத்து, கடைசியில் உன்னைத் தூக்கிக் கரையில் போட்டது யார்? மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டேன். வயிறு சரியாகிவிட்டது. கம்பெனியில் ஒரு இடத்தில் நின்று வேலை செய்கிறேன், மேனேஜர் முகத்தில் சிரிப்பு. டாக்டரிடம் போகவில்லை. போனால் கேட்பார், நான் பொய் சொல்ல வேண்டிவரும். எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும். எண் நூறுக்குள் வந்த பிறகு போய் அவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உன்னைத் துரத்திக்கொண்டு வருகிறேன். பிடித்துவிடுவேன்.

உன் வாலு

ஜூன் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

எனக்குக் காலில் ஒரு புண். கட்டிங் மெஷின் பிளேடின் முனை உடைந்து தரையில் கிடந்திருக்கிறது. செருப்பைத் துளைத்து உள்ளே ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் உள்ளே எல்லாம் ரத்தம். வலியே இல்லை அண்ணா, அதுதான் பயமாக இருக்கிறது. யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போடுகிறேன். ஆறவில்லை. சுண்டு விரலும் பக்கத்து விரலும் நிறம் மாறியிருக்கின்றன. "டாக்டர்கிட்ட போலாம்மா" என்று மகள் தினமும் கேட்கிறாள். போனால் மாத்திரை விஷயம் வெளியே வரும். பத்தியம் பிடித்துக்கொள்ள எத்தனை மாதம் ஆகும்? உனக்கு எப்போது நூறுக்குள் வந்தது? மருந்துக் கடையில் விரலைக் குத்திப் பார்த்தால் எனக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கேயோ தப்பு செய்கிறேன். என்ன தப்பு என்று சொல்.

சீக்கிரம் எழுது.

வாலு

ஜூலை 5

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது. வேலை நெருக்கடியில் பதில் தள்ளிப்போய்விட்டது.

புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவு. ஈரம் இல்லாமல் வைத்துக்கொள். டாக்டரிடம் காட்டிவிடு, காட்டுவதில் தப்பில்லை. வேண்டுமானால் மாத்திரையையும் திரும்ப ஆரம்பி. ஒவ்வொருவர் உடம்பு ஒவ்வொரு மாதிரி.

கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு வாரமாக நடக்க வரவில்லை. கேட்டால் கண் மங்கலாக இருக்கிறது என்கிறாராம். கண்ணாடி விற்கிறவருக்கே கண் மங்கல். பூங்காவில் எல்லோரும் சிரித்தார்கள்.

நீ கவலைப்படாதே.

அண்ணன்

ஜூலை 16

அண்ணா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். ஜன்னலோரக் கட்டில், காற்று வருகிறது. சாப்பாடும் மோசமில்லை.

கம்பெனியில் காய்ச்சலோடு மயங்கி மேசையிலேயே சாய்ந்துவிட்டேன். கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு விரலையும் எடுத்தாக வேண்டுமாம். இப்போது எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் எதுவரை போகும் என்று சொல்ல முடியாதாம். நாளை மறுநாள் ஆபரேஷன்.

"மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் அதட்டினார். "நானாத்தான் சார்" என்றேன். மகள் பக்கத்தில் நின்று, "மாமா பேச்சைக் கேட்டுத்தானேம்மா?" என்றாள். அவளை வாயை மூடச் சொன்னேன். "மாமா சரியாத்தான் சொன்னாரு. அவரு மாதிரி இருக்க எனக்குத்தான் வக்கில்ல" என்றேன். அவர்கள் உன்னைக் குறை சொல்லக் கூடாது.

கம்பெனியில் ஒருத்திக்குப் பிறந்தநாள் என்று கேக் வெட்டினார்கள். வாயருகே கொண்டுவந்து ஊட்டினாள், தட்ட முடியவில்லை, ஒரு துண்டு தின்றேன். அதுதான் காரணமாக இருக்கும். வேறு எதையும் நான் தொடவில்லை அண்ணா. அந்த ஒரு துண்டை நினைத்து நினைத்து அழுகிறேன்.

ஒருமுறை வந்து போ. நீ பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும்.

உன் வாலு

ஜூலை 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் போனில் சொன்னாள். அதுவரை எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. உன் அண்ணன் கேட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தங்கை என்றால் அவருக்கு உயிர்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறார். அவரிடம் சொல்லியனுப்பினால் பாதியை மறந்துவிடுவார். உன்னையும் மகளையும் தவிர வேறு யாரிடம் சொல்வது என்று நானே எழுதுகிறேன். அவருடைய ஊசி மருந்தை ஐஸ் வைத்த டப்பாவில் போட்டு அனுப்புகிறேன். வந்ததும் ஃபிரிட்ஜில் கதவுப் பக்கமாக வைக்கச் சொல். மேலே ஃபிரீஸரில் வைத்தால் கெட்டுவிடும். காலையும் இரவும் சாப்பிடுவதற்கு முன்னால் போட்டுக்கொள்வார். அந்த நேரம் கதவைச் சாத்திக்கொள்வார். கூச்சம். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள். போட்ட பிறகு சாப்பாடு தாமதமாகக் கூடாது, கை நடுங்கும்.

கண்டுபிடித்த அன்றே மாத்திரைக்கெல்லாம் அடங்காது, ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரும் ஒரு வேளை தவறியதில்லை. அதனால்தான் இப்படித் தேறி நிற்கிறார். நீயும் மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டிருப்பாயே, உனக்கு மட்டும் ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டரிடம் விவரமாகக் கேள்.

நல்லபடியாக வீடு திரும்பு.

அண்ணி

ஜூலை 26

அண்ணனுக்கு,

அண்ணி கடிதம் கிடைத்தது.

முதலில் வேறு யாருக்கோ எழுதியது தவறி எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். மேலே பார்த்தேன், நாத்தனாருக்கு என்றுதான் இருந்தது. அண்ணிக்கு நான் ஒருத்திதான் நாத்தனார்.

ஊசி. கண்டுபிடித்த நாளிலிருந்து. நான் ஜனவரியில் உனக்கு எழுதியபோதும் அது உன் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. விட்டுவிடட்டுமா என்று பிப்ரவரியில் கேட்டபோதும் இருந்தது. ஒரு மாதம் பதில் போடாமல் இருந்தாயே, அந்த மாதம் முழுவதும் காலையும் இரவும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டிருக்கிறாய். போட்டுவிட்டு வந்து எனக்கு மன உறுதி போதாது என்று எழுதினாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோற்றிலும் பாதியைக் குறைக்கச் சொல்லிவிட்டு மறைத்தவன் நீதான்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். உன்னைப் பற்றிய உண்மையைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். மாத்திரையை விடாதே என்று எழுதிவிட்டு உன் பெருமையை நீயே வைத்துக்கொண்டிருக்கலாம். நான் கேள்வி கேட்காமல் விழுங்கியிருப்பேன். அதுகூட உனக்கு முடியவில்லை.

கேக் துண்டை நினைத்து அழுதேன் என்று எழுதினேனே, அதையும் படித்துவிட்டுத்தானே ஐஸ் டப்பாவோடு இங்கே கிளம்ப இருந்தாய்?

நீ வர வேண்டாம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து நின்றால் சொல்ல வேண்டிவரும்.

தங்கை

செப்டம்பர் 2

அன்புத் தங்கை வாலுக்கு,

எப்படி இருக்கிறாய்? நடக்க முடிகிறதா? நீ வரவேண்டாம் என்றதால் ஸ்டேஷன்வரை போய்த் திரும்பிவிட்டேன். அண்ணியிடம் ரயில் தவறிவிட்டது என்றேன்.

எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன். நீ பயந்துகொண்டு எழுதியிருந்தாய். எனக்கு ஊசி என்று தெரிந்தால் இன்னும் பயந்துவிடுவாய் என்றுதான், ஒரு மருந்தும் இல்லை என்ற அந்த ஒரு வரியை எழுதினேன். நீ அதைப் பிடித்துக்கொண்டு அண்ணா அண்ணா என்று பின்னாலேயே வந்துவிட்டாய். அதன் பிறகு எப்படி மாற்றி எழுதுவது? பூங்காவிலும் அப்படித்தான் ஆயிற்று. என்னை யாரும் நோயாளியாகப் பார்க்கவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது. உன்னிடம் மறைக்க இதைவிட வேறு காரணம் இல்லை.

நடந்தது நடந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொள். பாதம் தப்பியதே.

ஒரு நல்ல செய்தி. டாக்டர் எனக்கு ஊசியின் அளவைக் குறைத்துவிட்டார். இப்படியே போனால் சீக்கிரம் நிறுத்திவிடலாம் என்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு வரி பதில் போடு. திட்டியாவது எழுது.

அன்புடன் அண்ணன்

செப்டம்பர் 11

அண்ணனுக்கு,

நடக்கிறேன். விந்தி விந்தித்தான், ஆனால் யாரையும் பிடித்துக்கொள்ளாமல். கட்டிங் மேசையில் இனி நிற்க முடியாது. துணிமேல் வைத்து அளவு வரையும் பேட்டர்ன் அட்டை வெட்டும் அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மேசையில் என் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள். அந்த வழியாகப் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. எனக்கும் இப்போது ஊசிதான். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே போட்டுக்கொள்கிறேன்.

நான் பயந்துவிடுவேன் என்று மறைத்தாயாம். பயந்திருந்தால் மாத்திரையை விட்டிருக்க மாட்டேன். பயத்தை விடு என்று எழுதியவன் நீ. போனது தலைப்பாகை இல்லை, என் கால் விரல். அந்தப் பழமொழியைச் சொல்ல வேண்டியவள் நான். நான் சொல்லவில்லை.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. மங்கலாகத் தெரிகிறது என்றவர் இப்போது எப்படி இருக்கிறார்? அவரிடம் சொன்னாயா? இந்தக் கடிதத்தோடு அண்ணிக்கும் தனியாக ஒன்று எழுதியிருக்கிறேன். மாஸ்டர் பத்தியம் என்றால் என்ன, பூங்காவில் யார் யார் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள், எனக்கு ஏன் இப்படி ஆயிற்று, எல்லாம். அவள் கையில் கிடைப்பதற்குள் நீயே போய்ச் சொல்லிவிட்டால் உனக்கு மரியாதை. மகளுக்குச் சொல்லிவிட்டேன். அவளை நான் எதற்கு அன்று வாயை மூடச் சொன்னேனோ தெரியவில்லை.

ஊசியின் அளவைக் குறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இங்கே வாடி, மாமாவுக்குக் குறைஞ்சிருச்சாம்" என்று மகளைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பதற்குள், எழுதியது யார் என்று ஞாபகம் வந்துவிட்டது.

"என்னம்மா, என்ன சொல்லிருக்காரு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, போ" என்றேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் அதை இனி அண்ணி எழுதட்டும்.

தங்கை